உவர் தண்ணீரும் உப்புக் காற்றும்: வடசென்னையில் காரின் ரேடியேட்டர்

"தெர்மோஸ்டாட்டக் கழட்டிப் போட்டுடலாம் சார். அதெல்லாம் குளிர் நாட்டுக்கு. நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?"

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னையின் எந்தத் தெருவோர மெக்கானிக் ஷெட்டிலும் இந்த யோசனையைக் கேட்கலாம். சொல்பவர் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை. கழற்றிய பிறகு வண்டி ஹீட் ஆவது நின்றதைத் தன் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறார். ஆனாலும் அது தவறான வைத்தியம். அதோடு, இந்தப் பகுதியில் ரேடியேட்டர்கள் சீக்கிரம் போவதற்கான உண்மையான காரணங்களை அது மறைத்தும் விடுகிறது. என் கணிப்பில் அந்தக் காரணங்களில் முதலாவது, நாம் ஊற்றும் தண்ணீர். வெயிலுக்கு அதில் சின்னப் பங்குதான். ரேடியேட்டரையும் தெர்மோஸ்டாட்டையும் வீட்டு வாசலிலேயே மாற்ற முடியுமா என்று கேட்பவர்களுக்கு முடியும் என்றே சொல்வேன். பழைய சிறிய கார்களில் அது ஒரு காலைப்பொழுது வேலை. ஆனால் தண்ணீரைப் பற்றி யோசிக்காமல் பொருளை மட்டும் மாற்றினால், அதே வேலை சீக்கிரமே திரும்பி வந்து நிற்கும்.

எரிக்கும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, வண்டியை நகர்த்த உதவாமல் இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்டில் வெப்பமாக இறங்குகிறது. அதைக் காற்றில் விடுவது ரேடியேட்டரின் வேலை. 1901இல் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த 35 குதிரைசக்தி மெர்சிடிஸ் காரில் 8,070 சிறு சதுரக் குழாய்களை அடுக்கிய தேன்கூட்டு ரேடியேட்டர் வந்தது. அதற்கு முன்பு பல கார்கள் தண்ணீரைக் கொதிக்கவிட்டு இழந்துகொண்டே ஓடின. தெர்மோஸ்டாட்டின் இன்றைய வடிவம் 1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கியது. சிறிய உலோகக் கிண்ணத்துக்குள் மெழுகை அடைத்திருப்பார்கள். குறிப்பிட்ட சூட்டில் மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ளும், வால்வு திறக்கும். சூடு தணிந்தால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் வால்வை மூடும். மின்சாரம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலான கார்களில் இதே மெழுகுதான் வேலை செய்கிறது.

பெரும்பாலான சிறிய கார்களில் அது திறக்கும் சூடு 82 டிகிரி செல்சியஸ், அல்லது அதற்குச் சற்று மேலே. சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் கடுமையான வெயில் 2003 மே 31ஆம் தேதி அடித்த 45 டிகிரி. அன்றைக்கும் வெளிக்காற்று தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டைவிட 37 டிகிரி குறைவு. ஆக, எண்ணூரில் மே மாதம் காலையில் ஸ்டார்ட் செய்யும் இன்ஜினும் தெர்மோஸ்டாட்டின் கணக்கில் குளிர்ந்த இன்ஜின்தான். வெளியே என்ன வெயில் என்பது அதற்குத் தேவையே இல்லை. உள்ளே இரும்பும் அலுமினியமும் ஆயிலும் சரியான சூட்டுக்கு வந்துவிட்டனவா என்பதை மட்டுமே அது பார்க்கிறது.

அதைக் கழற்றிவிட்டால், முதல் நிமிடத்திலிருந்தே கூலன்ட் முழுவதும் ரேடியேட்டர் வழியாகச் சுற்றி, இன்ஜின் சூடேற வெகுநேரம் எடுக்கும். ராயபுரத்திலிருந்து பாரிமுனைக்குப் போகும் சிறு தூரத்தில் அது உரிய சூட்டை எட்டாமலேயே போகலாம். இன்ஜின் இன்னும் சில்லென்று இருக்கிறது என்று கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சும். மைலேஜ் இறங்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகிப் போகாமல் தங்கிக் கசடாகும். சில சிறிய கார்களின் டேஷ்போர்டில், இன்ஜின் சூடேறும்வரை ஒரு நீல விளக்கு எரியும். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியில் அந்த விளக்கு அணையாமல் அடம்பிடிப்பதைப் பார்க்கலாம். இன்னும் மோசமானது, பைபாஸ் வழி உள்ள இன்ஜின்களின் கதை. அவற்றில் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போது, அதன் பின்பக்கத் தட்டு பைபாஸை மூடும். கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குத் திரும்பும். ஹீட்டைக் குறைக்கச் செய்த வேலையே ஹீட்டைக் கூட்டிவிடும்.

அப்படியானால் கழற்றியதும் வண்டி சரியானது எப்படி? பெரும்பாலும் அந்தத் தெர்மோஸ்டாட் துருவும் சுண்ணாம்பும் ஏறி, மூடிய நிலையில் சிக்கியிருந்தது என்று பொருள். சிக்கியதை எடுத்ததால் ஓட்டம் வந்தது. செய்ய வேண்டியது புதியதைப் போடுவதும், பழையதைச் சிக்கவைத்தது எது என்று கேட்பதும்.

அந்தக் கேள்வி நம்மை நேராகத் தண்ணீரிடம் கொண்டுபோகிறது. மீஞ்சூர் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறுவது 1960களின் இறுதியிலேயே பதிவான விஷயம். நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் உறிஞ்ச உறிஞ்ச, உவர்ப்பு ஆண்டுக்கு ஆண்டு உள்நாட்டுப் பக்கம் நகர்ந்தது. மீஞ்சூர் பெயரால் அழைக்கப்படும் கடல்நீர்க் குடிநீர் ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு 2010இல் காட்டுப்பள்ளியில் வந்ததற்குப் பின்னணியாக இருப்பது நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சம்தான். கடலையொட்டிய தெருக்களில் போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடும், சோப்பு நுரைக்காது. அதே தண்ணீரைக் குவளையில் மொண்டு ரேடியேட்டரில் ஊற்றுகிறோம்.

இதில் பலரும் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை குளோரைடை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1,000 வரை அனுமதிக்கிறது. ஆனால் கூலன்டோடு கலக்கும் தண்ணீருக்கு இன்ஜின் உற்பத்தியாளர்கள் வைக்கும் வரம்பு லிட்டருக்கு 40 மில்லிகிராமை ஒட்டியே இருக்கிறது. குடிக்கத் தகுந்த தண்ணீர் ரேடியேட்டருக்குத் தகாமல் போகும் இடம் இது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. நல்ல தண்ணீரில் நூற்றில் ஒரு பங்கு கடல்நீர் சேர்ந்தாலே குளோரைடு 190ஐத் தொடும். நாக்குக்கு அந்த உப்பு பெரிதாகத் தெரியாது, ரேடியேட்டருக்கோ வரம்பைப்போல் நான்கைந்து மடங்கு. அலுமினியத்தின் மேல் இயல்பாகப் படியும் ஆக்சைடு தோல்தான் அதன் கவசம். குளோரைடு அந்தத் தோலைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். மேலே பளபளப்பாக இருக்கும் குழாய் உள்ளிருந்து ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்து கசியத் தொடங்கும். கால்சியமோ சூடான இடங்களில் சுண்ணாம்பாகப் படிந்து குழாய்களை அடைக்கும், தெர்மோஸ்டாட் தண்டைப் பிடித்துக்கொள்ளும்.

பழைய தலைமுறைக் கார்கள் இதை ஓரளவு பொறுத்துக்கொண்டன. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், மறு ஆண்டே எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களை இணைத்துத் தயாரிக்க ஆரம்பித்தது. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆனது. அந்தக் காலத்து ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையும். ஓட்டை விழுந்தால் ரேடியேட்டர் கடையில் கொடுத்து ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடலாம், அடைத்தால் மேல் டேங்கைப் பிரித்துக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யலாம். லாரித் தொழில் பெருத்த வடசென்னையில் அது மதிப்பான கைத்தொழிலாக இருந்தது. இன்றைய கார்களில் அலுமினியக் கோருக்கு மேலும் கீழும், அல்லது இரு பக்கமும், பிளாஸ்டிக் டேங்குகளை ரப்பர் வைத்து நெரித்துப் பொருத்தியிருக்கிறார்கள். ஈயப் பற்றவைப்பு அதில் ஒட்டாது. பிளாஸ்டிக் வெந்து வெந்து நொறுங்கும் தன்மை அடைந்து, ஹோஸ் மாட்டும் கழுத்தில் விரியும். எம்-சீல் வைத்து ஒப்பேற்றுவது வீடு வந்து சேர்வதற்கு மட்டும் உதவும். பழுதுபார்க்கும் கலை போய் மாற்றும் வேலை வந்தது வருத்தம்தான். ஆனால் அந்த மாற்றத்தால்தான் வீட்டிலேயே செய்வது சாத்தியமாயிற்று. சிறிய காரின் அலுமினிய ரேடியேட்டரை ஒரே ஆள் எளிதாகத் தூக்கிவிடலாம்.

உள்ளே தண்ணீர் செய்வதை வெளியே காற்று செய்கிறது. கடலோர உப்புக் காற்று மடிப்பு மடிப்பான மெல்லிய அலுமினியத் தகடுகளில் படிந்து அவற்றை வெள்ளைப் பொடியாக்குகிறது. விரல் நுனியால் தொட்டாலே சில வண்டிகளில் தகடு உதிரும். உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து 2011இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நிலக்கரியும் இரும்புத் தாதும் எண்ணூருக்குப் போயின. ராயபுரத்துக்காரர்களுக்குத் தூசு குறைந்தது, ஏற்கெனவே அனல் மின் நிலையங்களின் சாம்பலோடு வாழ்ந்த எண்ணூர்க்காரர்களுக்குக் கூடியது. இந்தத் தூசு, உப்பு ஈரத்தோடு சேர்ந்து ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் அப்பிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ரேடியேட்டரைக் கழற்றும்போதுதான் அந்தக் கருப்புப் படை கண்ணில் படும். வாட்டர் சர்வீஸ்காரர் முன்பக்கமிருந்து அதிவேகத்தில் அடித்தால் அது இன்னும் உள்ளே இறுகும், தகடுகளும் மடங்கும். இன்ஜின் பக்கமிருந்து வெளிநோக்கி, மெதுவான அழுத்தத்தில், நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

மாற்ற முடிவெடுக்கும் முன் நோய் எது என்று பார்க்க வடசென்னைச் சாலைகளே போதும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே ஊரும்போது மட்டும் டேஷ்போர்டின் சூட்டு முள் ஏறி, சாலை விட்டதும் இறங்கினால், சந்தேகத்துக்குரியவை ஃபேன், அதன் ரிலே, அடைத்துப்போன வெளித்தகடுகள். மாறாக மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையில் சீரான வேகத்தில் போகும்போது ஏறினால், ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் பாதியில் சிக்கியிருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம். ஆயில் குச்சியில் பால் கலந்த டீ நிறம் தெரிந்தாலோ, ரேடியேட்டர் வாயில் நிற்காமல் குமிழி வந்தாலோ, புகைக்குழாயில் வெள்ளைப் புகை அடங்காமல் வந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அது வீட்டு வாசல் வேலை இல்லை.

மூடியையும் மறக்கக் கூடாது. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல, அழுத்த வால்வு. 1.1 பார் அழுத்தம் தாங்கும் மூடியின் கீழ் வெறும் தண்ணீரே 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். அதன் ரப்பர் தேய்ந்துவிட்டால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் வண்டி கொதிக்கும். ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் அந்தச் சின்ன மூடியை மாற்றிப் பார்ப்பது நல்லது. சூடான இன்ஜினில் அதைத் திறக்கவே கூடாது. 110 டிகிரியில் அடங்கியிருக்கும் தண்ணீர், அழுத்தம் விலகிய கணத்தில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். மேலே துணியைப் போட்டுக்கொண்டு திறப்பதும் பாதுகாப்பு ஆகாது.

மாருதி 800, ஆல்டோ, ஆம்னி, பழைய சான்ட்ரோ போன்ற மேனுவல் கியர் வண்டிகள் வீட்டில் செய்ய உகந்தவை. ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில் கியர் ஆயிலும் ரேடியேட்டருக்குள்ளேயே குளிர்கிறது, அந்தக் குழாய்களைக் கழற்றுவது தனி வேலை. சில புதிய கார்களில் தெர்மோஸ்டாட் பிளாஸ்டிக் உறையோடு ஒரே பொருளாக, மின்கட்டுப்பாட்டோடு வருகிறது. அவற்றை ஒர்க்‌ஷாப்புக்கு விடுவதே மேல்.

இரவு முழுக்க நின்று ஆறிய வண்டியில் விடியற்காலையில் ஆரம்பிப்பது நல்லது, தெருவிலும் நடமாட்டம் இருக்காது. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்ற வேண்டும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றும், விரலைக் கொண்டுபோய்விடும். கீழே அகலமான தட்டை வைத்து டிரெயின் பிளக்கைக் கையால் மட்டும் திருக வேண்டும். அது பிளாஸ்டிக், ஸ்பேனர் போட்டால் உடையும். ஹோஸ் வராவிட்டால் இழுக்காமல் முதலில் அதன் இடத்திலேயே சுற்றி அசைக்க வேண்டும், பிறகு உருவலாம். வெந்துபோன ஹோஸை அறுத்தே எடுத்துவிடலாம், அதையும் புதிதாகப் போடப்போகிறோம் என்பதால் நஷ்டமில்லை. ஃபேன் கூண்டு, மேல் தாங்கி என்று 10, 12 எம்.எம். போல்ட்டுகளைக் கழற்றினால் ரேடியேட்டர் மேலே வந்துவிடும். ஏ.சி. கண்டென்சரை ரேடியேட்டரிலிருந்து விடுவித்துக் கயிற்றால் கட்டி நிறுத்தலாம், அதன் பைப்பை மட்டும் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கேஸ் கையையும் கண்ணையும் உறையவைக்கும். கீழே உட்காரும் ரப்பர் புஷ்கள் பழைய ரேடியேட்டரோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போய்விடும், எண்ணி எடுத்துவைக்க வேண்டும். அவை இல்லாமல் மாட்டினால் அதிர்வே புது ரேடியேட்டரை விரிசல் விடச் செய்யும்.

புதுத் தெர்மோஸ்டாட்டை மாட்டும் முன் அடுப்பில் சோதிப்பது, கொஞ்சமும் சோம்பல்படக் கூடாத வேலை. சமையலுக்கு ஆகாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியைத் தொடாதபடி நூலில் தெர்மோஸ்டாட்டைக் கட்டித் தொங்கவிட வேண்டும். பக்கத்தில் ஒரு வெப்பமானி. அதன் உடம்பில் 82 என்று பொறித்திருந்தால், அந்தச் சூட்டை நெருங்கும்போது வால்வின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி தோன்றும். 95ஐ ஒட்டி முழுதாகத் திறந்து, சுமார் எட்டு மில்லிமீட்டர் எழும்பி நிற்க வேண்டும். அடுப்பை அணைத்தால் ஓசையின்றி இறங்கி மூட வேண்டும். பெட்டியில் என்ன பெயர் அச்சடித்திருந்தாலும் திறக்காத தெர்மோஸ்டாட் டூப்ளிகேட்தான், அல்லது பழுது. அப்படியே கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பழையதையும் அதே பாத்திரத்தில் போட்டுப் பார்த்தால், வண்டி ஏன் ஹீட் ஆனது என்பதற்கு அங்கேயே பதில் கிடைக்கும்.

மாட்டும்போது தட்டில் ஆடிக்கொண்டிருக்கும் சின்ன ஊசியைக் கவனிக்க வேண்டும். காற்று தப்பிக்க வைத்த வழி அது. அது மேல்பக்கம் வரும்படி, ஸ்பிரிங் இன்ஜின் பக்கம் இருக்கும்படி உட்கார வேண்டும். உறையின் போல்ட்டுகள் அலுமினியத்தில் இறங்குபவை. பலத்தைக் காட்டினால் மரை கழன்றுவிடும், மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினால் போதும். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது முகப்பில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி எதை ஊற்றுவது? இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை, கலந்தே விற்கும் ரெடி-மிக்ஸ் கூலன்ட். விலை கொஞ்சம் கூடும். ஆனால் தண்ணீர் என்ற சிக்கலே அதில் இல்லை. அடர்கூலன்ட் வாங்கினால் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டரோடு சரிபாதி கலக்கலாம். கேன் தண்ணீர் அவசரத்துக்கு மட்டும். நம் ஊரில் தண்ணீர் உறையாதே, கூலன்ட் எதற்கு என்ற வாதம் தெர்மோஸ்டாட் வாதத்தின் தம்பி. எத்திலீன் கிளைக்கால் கொதிநிலையை உயர்த்துகிறது என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயன், அதோடு சேர்த்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள். உப்பு சூழ்ந்த ஊரில் கூலன்டுக்குக் காசு கொடுப்பது இதற்காகத்தான். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறங்கள் சாயம் மட்டுமே. கார் கையேட்டில் சொன்ன வகையைப் பார்க்க வேண்டும், டப்பாவில் ஐ.எஸ். 5759 அல்லது ஜே.ஐ.எஸ். கே 2234 தரக்குறி இருக்கிறதா என்றும் பார்க்கலாம். இரண்டு வகைகளைக் கலந்தால் தடுப்பான்கள் ஒன்றையொன்று முறித்துச் சேறாகலாம்.

வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஏர் லாக். உள்ளே சிக்கிய காற்று தெர்மோஸ்டாட்டைச் சுற்றி நின்றுவிட்டால், மெழுகுக்குச் சூடு சரியாக எட்டாது, வால்வு திறக்காது, புதுப் பொருட்களோடு வண்டி கொதிக்கும். மெதுவாக ஊற்ற வேண்டும், மேல் ஹோஸைப் பிசைந்துகொண்டே ஊற்ற வேண்டும். வண்டியின் முன்பக்கம் சற்று மேட்டில் இருந்தால் நல்லது. ஹீட்டர் உள்ள காரில் அதை முழுச் சூட்டில் திருகி வைத்து, மூடி திறந்தபடியே இன்ஜினை ஓடவிட வேண்டும். குமிழி வரவரக் கூலன்ட் மட்டம் இறங்கும், நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் திறக்கும் தருணத்தில் மட்டம் சட்டென்று விழும், மேல் ஹோஸ் சூடாகும். அதன்பின் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருக்கலாம். மறுநாள் காலை வண்டி ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்கின் கோட்டைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும். தொடர்ந்து சில நாட்கள் குறைந்துகொண்டே போனால் எங்கோ கசிவு இருக்கிறது.

தட்டில் சேர்ந்த நான்கைந்து லிட்டர் பழைய கூலன்ட் மிச்சம். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் நஞ்சு. தெருநாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் சாகும், குழந்தைக்கும் அதே ஆபத்து. நம் தெருக்களில் அது வழக்கமாகப் போவது மழைநீர் வடிகாலுக்கு. அங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய், அப்புறம் எண்ணூர்க் கழிமுகம். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெயையும் கையால் அள்ளிய மீனவர்களின் நீர் அது. பெரிய ஆலைகளைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதற்காக நம் வாசலிலிருந்து இறங்கும் நான்கு லிட்டர் இல்லாததாகிவிடாது. மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே பெயர் எழுதி, பழைய ஆயிலை மறுசுழற்சிக்கு முறையாகக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப் தெரிந்தால் அங்கே கேட்டுப் பார்க்கலாம். பழைய ஆயிலோடு அதைக் கலந்துவிடக் கூடாது, கலந்தால் இரண்டுமே மறுசுழற்சிக்கு ஆகாது. வீடுகளில் சேரும் அபாயக் கழிவை வாங்கிக்கொள்ள 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லியிருந்தன. பெயின்ட் டப்பாவும் பேட்டரியும் இருக்கும் அபாயக் கழிவுப் பட்டியலில் பழைய கூலன்டையும் சேர்த்து, திருவொற்றியூர், ராயபுரம் மண்டல அலுவலகங்களில் அதை வாங்க ஒரு டிரம் வைக்கும்படி மாநகராட்சியிடம் கேட்க வேண்டும்.